பால்கோவா பெட்டியும் ப்ராக்ஸி ஹெடரும்

டெக்னிகல் பதிவுன்னு தலைப்பைப் பார்த்ததும் ஓடிடாதீங்க மக்கா. சொந்தமா டொமைன் வாங்கி, வேர்ட்பிரஸ் போட்டு, முன்னாடி ஒரு சிடிஎன்னையும் நிறுத்தி வச்சு எழுதுற ஒவ்வொரு பதிவருக்கும் இதுல வேலை இருக்கு. பொட்டி தட்டுற ஆளுங்களுக்குத் தனியா கொஞ்சம் திட்டும் இருக்கு :-)

எங்க பக்கம் ரெண்டு விஷயம் ரொம்பப் பிரபலம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா. அங்கேருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துல நாய். ரெண்டுக்கும் ஒரே தலைவலிதான். பேரை எவன் வேணும்னாலும் ஒட்டிக்கலாம். பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு. ஆனாலும் எங்கேயோ கிண்டுன சரக்கு, பெட்டி மேல ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா சுத்துது. ஊர்க்காரங்க யாரும் லேபிளைப் பார்த்து வாங்க மாட்டாங்க. எந்தக் கடைன்னு பார்த்துத்தான் வாங்குவாங்க.

வெப் சர்வருக்கு இந்த ஊர்க்கார புத்தி வேணும்ங்கிறதுதான் இந்தப் பதிவு. முன்னாடி நிக்கிற ப்ராக்ஸி அனுப்புற ஹெடரை, "என்ன எழுதியிருக்கு"ன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி "யார் கொண்டுவந்தது"ன்னு பார்க்கணும். எழுதியிருக்கிறது தப்பா இருந்தா யூகம் பண்ணக் கூடாது, திருப்பி அனுப்பிடணும். அவ்வளவுதான் சாரம். அவசரக்காரங்க இங்கேயே கிளம்பிடலாம். மத்தவங்க வாங்க.

ப்ராக்ஸின்னா யாரு?

காலேஜ்ல வராதவனுக்குப் பதிலா "உள்ளேன் ஐயா" சொல்றவன் ப்ராக்ஸி. நம்ம பதிவுலகத்துக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, பின்னூட்டத்துல அந்தக் காலத்துல பாதி அதுதானே! பழைய பதிவர்களுக்கு இன்னொரு ப்ராக்ஸியும் ஞாபகம் இருக்கும். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்கு அப்புறம் சில தளங்களை மட்டும் தடுக்கச் சொல்லி மத்திய அரசு ஆணை போட்டுச்சு. இணையச் சேவை நிறுவனங்கள் பல, மொத்த ப்ளாக்ஸ்பாட்டையும் இழுத்து மூடிட்டாங்க. நம்ம பதிவை நாமளே பார்க்க முடியல. அப்போ பாகிஸ்தான் பதிவர்களுக்காக ஏற்கெனவே இருந்த பிகேப்ளாக்ஸ்ங்கிற ப்ராக்ஸி வழியாத்தான் இந்தியாவுல நிறைய பேர் ப்ளாக்ஸ்பாட் படிச்சாங்க. நமக்குப் பதிலா அது போய்ப் பக்கத்தை வாங்கிட்டு வந்து கொடுத்துச்சு.

அது வாசகர் பக்கம் நிக்கிற ப்ராக்ஸி. இன்னிக்கு நான் பேசுறது சர்வர் பக்கம் நிக்கிற ப்ராக்ஸி. வாசகர் நேரா உங்க சர்வருக்கு வர்றதில்ல. வழியில க்ளவுட்ஃப்ளேர் மாதிரி ஒரு சிடிஎன்னோ, என்ஜின்எக்ஸோ, ஏதோ ஒரு லோடு பேலன்சரோ நிக்குது. எச்டிடிபிஎஸ் பூட்டைப் பெரும்பாலும் அதுவே தொறந்துடுது. உள்ளே இருக்கிற சர்வருக்கு வர்றது வெறும் எச்டிடிபி.

இங்கதான் சிக்கல். உள்ளே இருக்கிற வேர்ட்பிரஸ், "அடடா, பூட்டு இல்லாம வந்திருக்காரே, எச்டிடிபிஎஸ்ல வாங்க"ன்னு வாசகரைத் திருப்பி அனுப்புது. வாசகர் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்லதான் வந்தார். மறுபடி வர்றார். மறுபடி பூட்டு கழண்டு உள்ளே போகுது. மறுபடி திருப்பி அனுப்புது. கடைசில ப்ரௌசர், ஏகப்பட்ட ரீடைரக்ட்னு கையை விரிச்சிடுது. கண்ணைக் கட்டுதே!

இதைத் தீர்க்கத்தான் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோன்னு ஒரு ஹெடர். "ஐயா, இவர் எங்கிட்ட வந்தப்போ எச்டிடிபிஎஸ்லதான் வந்தார்"னு ப்ராக்ஸி ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்புது. இதுக்கு அண்ணன் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். வாசகரோட ஐபி முகவரியைச் சொல்றது, ஸ்குவிட் ப்ராக்ஸி எழுதினவங்க தொடங்கி வச்ச பழக்கம். எக்ஸ்-னு ஆரம்பிக்கிற இந்த ஹெடர்கள் எதுவும் முறையான தரம் கிடையாது, ஊர்ப் பழக்கம்தான். முறையா ஒரு தரம் வந்தது 2014 ஜூன்ல, ஆர்எஃப்சி 7239. அதை எழுதின ரெண்டு பேரும் ஓபரா நிறுவனத்துக்காரங்க. நோக்கியா ஃபோன்ல ஓபரா மினி வச்சுப் பதிவு படிச்சவங்களுக்குக் காரணம் புரியும். உலகத்துல பாதி ஃபோன் அவங்க சர்வர் வழியாப் போன மாதிரி இருந்த காலம் அது.

சீட்டை யார் எழுதினது?

சரி, மேட்டருக்கு வருவோம். ஹெடர்ங்கிறது வெறும் எழுத்து. ப்ராக்ஸியும் எழுதலாம், நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். கர்ல்னு ஒரு கமாண்ட் இருக்கு. கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற முதல் வருஷப் பையன்கூட அரை நிமிஷத்துல எழுதி அனுப்பிடுவான்.

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி தெரியுமில்ல? பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர் போன ஊர். அந்தத் துணியை மொத்த வியாபாரம் பண்ற நண்பர் ஒருத்தர் ஆர்டர் எடுக்கிறதுக்கு ஒரு சைட் வச்சிருக்கார். யாரோ ஒரு டெவலப்பர் பிஎச்பியில எழுதிக் கொடுத்தது. சிடிஎன் போட்டதும் மேல சொன்ன ரீடைரக்ட் சுத்தல் வந்திருக்கு. டெவலப்பர் எங்கேயோ தேடிப் பிடிச்சு மூணு வரி ஒட்டிட்டார். சுத்தல் நின்னுடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

எனக்கு அந்த மூணு வரி மேல சந்தேகம். அவர்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு, சிடிஎன்னை விட்டுட்டு சர்வரோட ஐபிக்கே நேரா ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பினேன். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவுல எச்டிடிபியும் இல்ல, எச்டிடிபிஎஸ்ஸும் இல்ல. "பால்கோவா"ன்னு போட்டேன்.

சர்வர் வாங்கிக்கிச்சு! திரும்பி வந்த பக்கத்துல இருந்த அத்தனை லிங்க்கும் பால்கோவா, ரெட்டைப் புள்ளி, ரெண்டு சாய்கோடு, அப்புறம் அவர் டொமைன். அவ்வ்வ்வ். அதைவிடப் பெரிய கூத்து, நிர்வாகப் பக்கத்துக்கு உள்ளே போற லாகின் ஃபாரமும் பூட்டே இல்லாம எச்டிடிபியில திறந்துச்சு. மூணு வரியில எழுதியிருந்தது இதுதான்: "ஹெடர் எச்டிடிபின்னு இல்லேன்னா, பாதுகாப்பானதுன்னு எடுத்துக்கோ." பால்கோவாவும் எச்டிடிபி இல்லையே. அதனால பாதுகாப்பானது!

அந்த லாகினுக்கு உள்ளே என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன ரேட், எந்த டீலருக்கு எவ்வளவு கழிவு, யார் எவ்வளவு பாக்கி. ஒரு சின்ன ஊர் வியாபாரிக்கு அதுதான் மூலதனம். போட்டிக்காரன் கையில அந்தப் பட்டியல் போச்சுன்னா தறியை நிறுத்த வேண்டியதுதான்.

நண்பர் சொன்னது: "ண்ணே, சைட் ஓடுதுல்ல. யாருண்ணே இதையெல்லாம் பார்க்கப் போறா?"

இந்த "ஓடுதுல்ல"தான் என்னைக் கடுப்பேத்துற வார்த்தை. பார்க்கிறவங்க இருக்காங்க. நாலு கதை சொல்றேன்.

1) 2012ல் அந்தோனி ஃபெராரா, நம்ம பிஎச்பி ஆளுங்களுக்குத் தெரிஞ்ச பேர்தான். தன் சோதனைக்காக ஒரு ப்ராக்ஸி அமைச்சு வச்சிருந்தார். அது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடர்ல 127.0.0.1னு, அதாவது "நான் இதே மெஷின்"னு அனுப்பிக்கிட்டு இருந்தது. அதோட ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போனா, வெளியாள் பார்க்கக் கூடாத பக்கமெல்லாம் கண்ணுல படுது. சர்வர் சீட்டை அப்படியே நம்பிடுச்சு. அவர் நல்ல மனுஷன், அவங்ககிட்டேயே சொல்லிட்டார், அவங்களும் சரி பண்ணிட்டாங்க.

2) 2018 ஆகஸ்ட்ல ஜேம்ஸ் கெட்டில்ங்கிற ஆராய்ச்சியாளர், இந்த மாதிரி ஹெடர்களை வச்சுக் கேஷ்ல எப்படி விஷம் கலக்கலாம்னு விரிவாக் காட்டினார். ஒருத்தன் தப்பான ஹெடரோட ஒரு பக்கம் கேக்கிறான். சர்வர் குழம்பி ஒரு ரீடைரக்டைக் கொடுக்குது. சிடிஎன் அந்தப் பதிலைப் பத்திரமா எடுத்து வச்சுக்குது. அடுத்து வர்ற அப்பாவி வாசகர்கள் எல்லாருக்கும் அதே பதில்தான். ஒருத்தன் விளையாட்டுக்கு ஊரே சுத்தும். பொய்ச் சீட்டு எழுதினவனுக்கு மட்டும்தானே பாதிப்புன்னு சொல்றவங்களுக்கு இதுதான் பதில்.

3) அதே 2018 நவம்பர்ல ரூபி உலகத்தோட அஸ்திவாரமான ரேக்ல ஒரு ஓட்டை. ரிக்வெஸ்ட்டோட ஸ்கீம் என்னன்னு கேட்டா எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ரெண்டுல ஒண்ணுதான் வரும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஹெடர்ல என்ன வந்தாலும் அதையே திருப்பிக் கொடுத்துச்சு. அதைச் சுத்தம் பண்ணாமப் பக்கத்துல அச்சடிக்கிற அப்ளிகேஷன்ல வெளியாளோட ஸ்கிரிப்ட் ஓடுற அபாயம். மருந்து ரொம்பச் சின்னது: அனுமதிச்ச சொற்களோட ஒரு பட்டியல். பட்டியல்ல இல்லாதது செல்லாது.

4) அதெல்லாம் பழங்கதைன்னு நெனைக்காதீங்க. 2025ல் ஆஸ்ட்ரோங்கிற புது ஃப்ரேம்வொர்க்ல, இதே எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவைச் சோதிக்காம அப்படியே முகவரி கட்டுனதால, காவல் போட்டு வச்ச பக்கத்துக்குக் காவலைத் தாண்டிப் போக முடிஞ்சது. நம்ம நண்பர் சைட்ல நான் பார்த்த பால்கோவாவும் இதுவும் ஒரே குடும்பம்.

பெருந்தன்மை எங்கே வேணும், எங்கே வேணாம்

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு. இணையம் வளர்ந்ததே பெருந்தன்மையிலதான். 1980ல் டிசிபி ஆவணத்துல ஜான் போஸ்டல் எழுதி வச்ச கொள்கை அது. அனுப்பும்போது கறாரா இரு, வாங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுங்கிறது அதோட சாரம். எழுத்துப்பிழையோட வர்ற பின்னூட்டத்தையும் நாம அனுமதிக்கிறோம்ல, அந்த மாதிரி.

அன்னிக்கு இணையத்துல இருந்தது ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச கொஞ்சம் ஆளுங்க. இன்னிக்கு அப்படியா? 2023 ஜூன்ல வந்த ஆர்எஃப்சி 9413 இந்தக் கொள்கையையே நேரடியாக் கேள்வி கேக்குது. தப்பைப் பொறுத்துக்கிட்டே போனா தப்பு திருந்தாது, அதுவே பழக்கமாயிடும், ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ண ஆரம்பிச்சிடும்னு அதோட வாதம்.

ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அர்த்தம் பண்றதுக்கு நம்ம ஹெடரே சாட்சி. ரெண்டு ப்ராக்ஸி தாண்டி வந்தா சில சமயம் ஒரே ஹெடர்ல காற்புள்ளி போட்டு ரெண்டு சொல் வரும், "எச்டிடிபிஎஸ், எச்டிடிபி"ன்னு. ஜாங்கோ முதல் சொல்லை எடுத்துக்குது. டொர்னாடோ கடைசிச் சொல்லை எடுத்துக்குது. ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வச்சா, ஒண்ணு பூட்டு இருக்குங்கும், இன்னொண்ணு இல்லேங்கும். அதுலயும் ஒவ்வொரு ப்ராக்ஸியும் பின்னாடி சேர்த்துக்கிட்டே போறதா இருந்தா, முதல் சொல் வெளியிலேருந்து வந்தவன் எழுதினதாக்கூட இருக்கலாம்.

வலையில சுத்துற வேர்ட்பிரஸ் துண்டுக் கோடு ஒண்ணு இன்னும் தாராளம். ஹெடருக்குள்ள "எச்டிடிபிஎஸ்"ங்கிற எழுத்துகள் எங்கேயாவது இருந்தாப் போதும், பூட்டு இருக்குன்னு எடுத்துக்கும். "நாட்எச்டிடிபிஎஸ்"னு அனுப்பினாலும் வரவேற்பு உண்டு. மனுஷங்களுக்குள்ள "சரி போகட்டும் விடு"ங்கிறது நல்ல குணம். கதவுக்கு அந்தக் குணம் இருந்தா அது கதவே இல்ல.

மில்லு வாட்ச்மேன்கிட்ட கத்துக்கலாம்

ராஜபாளையம் மில்லு ஊர். மில்லு கேட்ல என்ன நடக்கும்? லாரி வருது. டிரைவர் கையில ஏதோ ஒரு சீட்டு இருக்கு. வாட்ச்மேன் அந்தச் சீட்டை அப்படியே உள்ளே விட மாட்டார். தானே வண்டியைப் பார்த்து, தன் கைப்பட ஒரு கேட் பாஸ் எழுதிக் கொடுப்பார். உள்ளே இருக்கிற ஸ்டோர்கீப்பர் அந்த கேட் பாஸைத்தான் மதிப்பார். பாஸ்ல கிறுக்கலா எழுதியிருந்தா, "பஞ்சாத்தான் இருக்கும்"னு யூகம் பண்ணி இறக்க மாட்டார். கேட்டுக்கே திருப்பி அனுப்புவார். இன்னொண்ணு, பின்பக்கச் சுவர்ல ஓட்டை இருந்தா வாட்ச்மேன் எவ்வளவு நல்லவரா இருந்தும் பிரயோஜனமில்ல.

இதை அப்படியே சர்வருக்குப் போடுங்க.

முதல் வேலை, ப்ராக்ஸி பழைய சீட்டைக் கிழிக்கணும். வெளியிலேருந்து வர்ற எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவை அழிச்சிட்டு, தன் கண்ணால பார்த்ததை எழுதணும். என்ஜின்எக்ஸ்ல அந்த ஹெடருக்கு ஸ்கீம் மாறியோட மதிப்பை வைக்கச் சொல்லி ஒரே வரி எழுதினாப் போதும், வெளியாள் எழுதினது போயிடும். முன்னாடி சிடிஎன், பின்னாடி என்ஜின்எக்ஸ்னு ரெண்டு கேட் இருந்தா, சிடிஎன் வெளியிட்டிருக்கிற ஐபி பட்டியல்லேருந்து வந்தா மட்டும் அது எழுதின சீட்டைக் கடத்தலாம். மத்ததெல்லாம் குப்பைக்கு.

ரெண்டாவது, உள்ளே இருக்கிற அப்ளிகேஷன் தெரிஞ்ச ப்ராக்ஸிகிட்டேருந்து வந்தா மட்டுமே ஹெடரைப் பிரிச்சுப் படிக்கணும். தெரியாத ஆள் கொண்டுவந்தா, அதுல என்ன எழுதியிருந்தாலும் இல்லாத மாதிரி நடந்துக்கணும். ஜிகூனிகார்ன் இயல்பா அதே மெஷின்லேருந்து வர்றதை மட்டும்தான் நம்பும். ஜாங்கோவோட ஆவணத்துல இந்த ஹெடரை நம்பச் சொல்ற அமைப்புக்குப் பக்கத்துலேயே பெரிய எச்சரிக்கை இருக்கு. அதைப் படிக்காம ஒட்டுறவங்கதான் அதிகம்.

மூணாவது, மதிப்பைப் பட்டியலோட ஒப்பிடணும், இலக்கணத்தோட இல்ல. வேடிக்கை என்னன்னா, "பால்கோவா"ங்கிறதை ஆங்கில எழுத்துல எழுதினா, ஸ்கீம் பேருக்கு உண்டான எழுத்து விதிப்படி அது சரியான சொல்தான்! எழுத்துல ஆரம்பிக்குது, உள்ளேயும் எழுத்துதான். அதனால வடிவத்தை மட்டும் சோதிக்கிற கோடு இதைப் பாஸ் பண்ணிடும். எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ், ரெண்டே ரெண்டு சொல், முழுசாப் பொருந்தணும்.

நாலாவது, நம்பகமான ப்ராக்ஸிகிட்டேருந்தே செல்லாத மதிப்பு வந்தா 400 பிழை கொடுத்து நிறுத்திடணும், லாக்ல பதிஞ்சு வைக்கணும். இதுல எனக்கும் சில நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. "எச்டிடிபின்னு எடுத்துக்கிட்டாப் போதுமே, அதானே ஜாக்கிரதையான பக்கம்?"ங்கிறாங்க. எச்டிடிபிஎஸ்னு எடுத்துக்கிறதைவிட அது மேல்தான், ஒத்துக்கிறேன். ஆனா அப்படி எடுத்துக்கிட்டா மறுபடி ரீடைரக்ட் சுத்தல், அந்த ரீடைரக்டும் கேஷ்ல போய் உக்காரலாம், கெட்டில் காட்டின கதை திரும்பும். நம்ம சொந்த வாட்ச்மேனே கிறுக்கல் பாஸ் எழுதுறார்னா கேட்ல ஏதோ நடந்திருக்கு. அதைத் தெரிஞ்சுக்கணும், மூடி மறைக்கக் கூடாது.

அஞ்சாவது, பின்சுவர் ஓட்டையை அடைங்க. சர்வரோட ஐபிக்கு நேரா வர்றவங்களை ஃபயர்வால்ல நிறுத்துங்க. ப்ராக்ஸி மட்டும் உள்ளே வரட்டும்.

அப்போ இந்த ஹெடர்களையே தூக்கிப் போட்டுடலாமேன்னு கேக்கலாம். முடியாது. 2006 முடிஞ்சு 2007 பிறந்த அந்த ஓரிரு நாள்ல விக்கிப்பீடியாவுல விஷமம் பண்ணின ஒரு ஐபியைத் தடுத்தாங்க. பார்த்தா, கத்தார் நாடே அந்த ஒரே ப்ராக்ஸி ஐபி வழியாத்தான் வந்துக்கிட்டு இருந்தது. மொத்த நாட்டுக்காரங்களும் கணக்கில்லாமத் திருத்த முடியாமப் போச்சு. இந்த மாதிரி சிக்கலுக்கு விக்கிப்பீடியா கண்ட வழி, நம்பத் தகுந்த ப்ராக்ஸிகளுக்கு ஒரு பட்டியல் வச்சுக்கிட்டு அவங்க அனுப்புற எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாரை மட்டும் மதிக்கிறது. கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் இல்ல, கண்ணை மூடிக்கிட்டு ஒதுக்கவும் இல்ல.

பாதிப் பூட்டு

கடைசியா ஒண்ணு. ஹெடர் உண்மையே சொன்னாலும் அது பாதி உண்மைதான். வாசகர்லேருந்து சிடிஎன் வரைக்கும் பூட்டு இருந்ததுன்னுதான் அது சொல்லுது. சிடிஎன்லேருந்து உங்க சர்வர் வரைக்கும்? "ஃப்ளெக்சிபிள்"னு ஒரு அமைப்பு இருக்கு, அதுல அந்தப் பாதை முழுக்க அம்மணம். ப்ரௌசர்ல பூட்டுப் படம் தெரியும், பாஸ்வேர்ட் பாதி வழி திறந்து போகும். வழியில நிக்கிறவன் கை வைக்க மாட்டான்னு நம்பாதீங்க. 2015ல் ஏர்டெல் 3ஜி வழியா வர்ற பக்கங்கள்ல ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் புகுத்தப்படுறதைப் பெங்களூரு நிரலாளர் தேஜேஷ் வெளியே கொண்டுவந்தார். பூட்டு இல்லாத பாதையில யாரும் உள்ளே எழுதலாம், ஹெடரையும் சேர்த்து.

காசு ஒரு காரணமா இருந்த காலம் போயாச்சு. 2015 டிசம்பர்லேருந்தே லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமா சான்றிதழ் கொடுக்குது. சர்வர்லயும் ஒண்ணு போட்டு, சிடிஎன் அமைப்பை "ஃபுல் ஸ்ட்ரிக்ட்"டுக்கு மாத்திட்டு, எச்டிடிபியில வர்றவங்களை சிடிஎன்லேயே எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிட்டா, உங்க வேர்ட்பிரஸ் தானே பூட்டைப் பார்த்துக்கும். ரீடைரக்ட் சுத்தல் வராது. அந்த ஒட்டுப்போட்ட மூணு வரியையே எடுத்துடலாம். யாரை நம்புறதுன்னு யோசிக்கிறதைவிட, நம்ப வேண்டிய அவசியத்தையே குறைச்சிடறது உத்தமம்.

சத்திரப்பட்டி நண்பர் டெவலப்பரை உக்கார வச்சு இதையெல்லாம் பண்ணிட்டார். ஒரு சாயங்கால வேலைதான். இப்போ பால்கோவா அனுப்பினா சர்வர் வாயே திறக்கிறதில்ல. ப்ராக்ஸி மெஷின்லேருந்தே அனுப்பிப் பார்த்தா 400. அவர் மட்டும் "ண்ணே, நேர்ல கொண்டுவந்தா வாங்கிக்கிறேன்"ங்கிறார் :-)

உங்க சைட்ல அந்த மூணு வரி இருக்கான்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. 400ஆ, பழைய மாதிரி யூகமாங்கிற சண்டைக்கும் நான் ரெடி.

டிஸ்கி: அனுமதி இல்லாம அடுத்தவங்க சர்வருக்குப் பால்கோவா அனுப்பாதீங்க. உங்க சொந்த சர்வருக்கு எவ்வளவு வேணும்னாலும் அனுப்புங்க.